விக்கியில் படம்: எங்கே வைப்பது, எப்படிக் காட்டுவது, எதை எழுத்தாகவே விடுவது

விக்கிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் தப்பாக இருந்தால் அடுத்து வருகிறவர் திருத்திவிட்டுப் போய்விடுவார். படம் தப்பாக இருந்தால் அப்படி நடப்பதில்லை. ஒரு விளக்கப்படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருப்பது பலர் கண்ணில் பட்டிருக்கும். உரையாடல் பக்கத்தில் சிலர் எழுதியும் வைத்திருப்பார்கள். ஆனால் மூலக்கோப்பு அதை வரைந்தவரின் கணினியில் இருக்கிறது, அவரோ விக்கிப் பக்கம் எட்டிப் பார்த்தே வருடக்கணக்காகிறது. யாரும் தொகுக்கலாம் என்பதை நம்பி நிற்கிற இடத்தில், படம் மட்டும் ஒருவர் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோன அறை மாதிரி ஆகிவிடுகிறது.

படங்களைப் பிறர் நலன் கருதிப் பயன்படுத்துவது என்றதும் பலரும் பதிப்புரிமையைத்தான் முதலில் நினைக்கிறார்கள். அது முக்கியம்தான், ஆனால் அதோடு முடிவதில்லை. போட்டவர் போன பிறகு மற்றவர்களால் அந்தப் படத்தைத் திருத்த முடியுமா, வேறொன்றால் மாற்ற முடியுமா, வேண்டாமென்றால் முழுதாக எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதுதான் ஒரு குழு விக்கிக்குப் பொருத்தமான சோதனை என்பது என் எண்ணம். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருக்கிற வழிகளை ஒப்பிட்டால் பல முடிவுகள் எளிதாகிவிடும். ஒன்றிரண்டு இன்னும் சிக்கலாகும். அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கோப்பு எங்கே இருக்கட்டும்

படமே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். அதைச் சிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. 1995-இல் வார்டு கன்னிங்காம் தொடங்கிய முதல் விக்கி எழுத்தை நம்பியே ஓடியது. இன்றைக்கும், விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியைப் புதிதாக நிறுவினால் பதிவேற்றும் வசதி அணைக்கப்பட்ட நிலையில்தான் வரும். நாமாகப் போய் இயக்க வேண்டும். கூட்டக் குறிப்புகள், விதிமுறைகள், விவாதங்கள், கேள்வி பதில்கள் மட்டுமே உள்ள விக்கி என்றால் அதை அப்படியே அணைத்து வைத்திருக்கலாம். பக்கம் லேசாக இருக்கும், நிர்வாகிகளுக்கு ஒரு பெரிய வேலை மிச்சம். ஆனால் பறவைகளைப் பற்றியோ கயிற்று முடிச்சுகளைப் பற்றியோ சைக்கிள் பழுதுபார்ப்பைப் பற்றியோ எழுதும் விக்கியில் இது நடக்காது. முடிச்சு போடுவதை வெறும் வாக்கியத்தில் விளக்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அடுத்த வழி, படத்தைப் பதிவேற்றாமல் வேறொரு தளத்தில் இருக்கும் முகவரியை அப்படியே பக்கத்துக்குள் காட்டுவது. ஹாட்லிங்க் என்பார்கள். செய்வதற்கு மிகச் சுலபம், அதனால்தான் இது பரவுகிறது. இதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வாசகர் நம் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய உலாவி அந்த மூன்றாவது தளத்தின் வழங்கியிடம் (சர்வர்) போய்ப் படத்தைக் கேட்கிறது. பேண்ட்விட்த் செலவு, கேட்காமலேயே, அந்தத் தளக்காரர் தலையில் விழுகிறது. அதோடு நம் வாசகரின் ஐபி முகவரியும், வந்த நேரமும், பெரும்பாலும் அவர் எந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அந்த வழங்கியின் பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. சைக்கிள் விக்கி என்றால் பெரிய விஷயமில்லை என்று தோன்றலாம். ஒரு நோயால் பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் நடத்தும் விக்கி என்றால்?

அந்தப் படம் நாளைக்கும் அதே படமாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. தளக்காரர் அதே முகவரியில் வேறு படத்தை வைக்கலாம். தங்கள் படத்தைப் பலர் இப்படி உறிஞ்சுவதைக் கண்டு கடுப்பாகி, வேண்டுமென்றே ஆபாசப் படத்தையோ திட்டும் வாசகத்தையோ வைத்தவர்கள் இணையத்தில் நிறைய உண்டு. பக்கத்தின் வரலாற்றில் எதுவும் மாறியதாகத் தெரியாது, ஏனென்றால் நம் பக்கத்தில் எதுவுமே மாறவில்லை. விக்கியின் முக்கியமான பாதுகாப்பே தொகுப்பு வரலாறுதான். ஹாட்லிங்க் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறது. மீடியாவிக்கி இதை இயல்பாகவே அனுமதிப்பதில்லை, அந்த அமைப்பைத் தேடிப் போய் இயக்குகிறவர்கள் இதையெல்லாம் யோசித்துவிட்டுச் செய்வது நல்லது. என்னைக் கேட்டால் யோசித்தவர்கள் இயக்க மாட்டார்கள்.

இதையும் சாதாரண இணைப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. "இந்தத் திருகின் தெளிவான படம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று எழுதி இணைப்புக் கொடுப்பது முழுக்க வேறு விஷயம். போவதா வேண்டாமா என்று வாசகர் தீர்மானிக்கிறார், படத்துக்கு உரியவர் தன் பக்கத்துக்கு ஒரு பார்வையாளரைப் பெறுகிறார், இணைப்பு செத்துப்போனால் எவரும் மாற்றலாம். உரிமை தெளிவாகத் தெரியாத நல்ல படம் கிடைக்கும்போதெல்லாம் இதுதான் சரியான வழி. ஏனோ இதைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள்.

மிஞ்சுவது இரண்டு: சொந்த வழங்கியில் பதிவேற்றுவது, அல்லது கட்டற்ற உரிமப் படங்களின் பொதுக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்திலிருந்து எடுத்துக்கொள்வது. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சொந்த வழங்கியில் கட்டுப்பாடு நம் கையில். எதை வைப்பது, எதை எடுப்பது, யார் பதிவேற்றலாம் என்பதெல்லாம் குழுவே முடிவு செய்யும். அதற்கான விலையும் குழுவின் மேல்தான். ஒவ்வொரு கோப்புக்கும் யார் எடுத்தது, எங்கிருந்து வந்தது, என்ன உரிமம் என்ற மூன்றையும் பதிவேற்றும் படிவத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், பதில் சொல்ல ஆள் இருக்காது. சிலர் கவனிக்காமல் விடும் இன்னொன்று: மீடியாவிக்கியில் பக்கங்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றன, படக்கோப்புகள் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. தரவுத்தளத்தை மட்டும் காப்பெடுத்து வைத்திருப்பவர்கள் வழங்கி படுத்துவிட்ட நாளில் எழுத்தெல்லாம் திரும்பி வந்து, படம் இருந்த இடமெல்லாம் கோப்பு இல்லை என்று காட்டும் சிவப்பு இணைப்பாக நிற்பதைப் பார்ப்பார்கள்.

பொதுவகம் 2004 செப்டம்பரில் தொடங்கியது. இப்போது அங்கே 10 கோடிக்கு மேல் கோப்புகள் இருக்கின்றன. இன்ஸ்டன்ட் காமன்ஸ் என்ற வசதியை அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் இயக்கினால், வேறெந்த மீடியாவிக்கித் தளமும் அந்தக் கோப்புகளைத் தன்னுடையவை போலவே அழைத்துக் காட்டலாம். இதுவும் வெளி வழங்கிதானே, ஹாட்லிங்கிலிருந்து என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு. பொதுவகம் இப்படிப் பயன்படுத்திக்கொள்வதை அனுமதிக்கிறது. உரிமம், எடுத்தவர், கோப்பின் வரலாறு எல்லாம் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. வாசகரின் விவரம் வெளியே போகிறதே என்ற கவலை இருந்தால் சிறுபடங்களை நம் வழங்கியிலேயே சேமித்துத் தரும்படி அமைத்துக்கொள்ளலாம்.

பொதுவகத்தின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். வணிகப் பயன்பாடு கூடாது என்கிற உரிமமும், மாற்றங்கள் செய்யக் கூடாது என்கிற உரிமமும் அங்கே செல்லாது. அனுமதி இல்லாமலே ஓரளவு பயன்படுத்தலாம் என்கிற நியாயமான பயன்பாடு என்ற வாதமும் எடுபடாது. கல்விப் பயன் இல்லாத படங்களுக்கு இடமில்லை, அதனால் உங்கள் குழுவின் ஆண்டுவிழாப் படங்கள் நீக்கப்பட்டுவிடலாம். பொதுவகத்தில் ஒரு கோப்பு நீக்கப்பட்டால் விக்கிப்பீடியா போன்ற விக்கிமீடியா தளங்களில் அதற்கான இணைப்புகளை ஒரு தானியங்கி துடைத்துவிடும். உங்கள் விக்கிக்கு அது வராது. படம் காணாமல் போனதை உங்கள் வாசகர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பலரும் விவாதிக்கிறார்கள். நான் பிரித்து வைப்பேன். பொருள்கள், கருவிகள், செடிகொடிகள், வரைபடங்கள், விளக்கப்படங்கள் பொதுவகத்துக்குப் போகட்டும். குழுவைச் சேர்ந்த மனிதர்கள் தெரியும் படங்கள் சொந்த வழங்கியில் இருக்கட்டும். காரணம் எளிது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை, அதாவது நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம் என்ற பொது அனுமதியை, கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. ஒரு திருகின் படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஒரு மனிதர் நாளைக்கு மனம் மாறலாம், மாற அவருக்கு உரிமையும் உண்டு.

உரிமம் இருந்தும் போடலாமா

இந்த இடத்தில்தான் சட்டமும் கரிசனமும் வேறு வேறாகப் பிரிகின்றன. 2007-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கைபேசி நிறுவனம் ஃப்ளிக்கரில் இருந்த ஒரு படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தியது. படத்தில் இருந்தது அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பதின்ம வயதுப் பெண். எடுத்தவர் தெரிந்தவர்தான், வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதை வெளியிட்டிருந்தார். அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவர் குடும்பம் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது, நிறுவனத்தின் மீதான வழக்கு அங்கே அதிகார வரம்பு இல்லையென்று தள்ளுபடியானது. நமக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல. உரிமம் என்பது எடுத்தவரின் பதிப்புரிமையைப் பற்றி மட்டும் பேசுகிறது, படத்தில் இருப்பவரின் அந்தரங்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

எனவே "கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது, போட்டுவிட்டேன்" என்ற பதில் மனிதர்கள் உள்ள படங்களுக்குப் போதாது. பொது நிகழ்வில் மேடையில் பேசுகிறவரின் படத்துக்கும், அதே நிகழ்வில் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் படத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்காமல் போடவே கூடாது, கேட்ட பிறகும் முகம் தெரியாத கோணம் ஒன்று இருந்தால் அதையே எடுப்பேன்.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். விக்கியில் பழைய கோப்பின் மேலேயே புதிய கோப்பைப் பதிவேற்றலாம். பக்கங்களில் எல்லாம் உடனே மங்கலாக்கிய படம் தெரியும், வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் கோப்புப் பக்கத்தில் கீழே வரலாற்றுப் பட்டியலில் பழைய பதிப்பு அப்படியே, ஒரே சொடுக்கில் திறக்கும்படி இருக்கும். நிர்வாகி ஒருவர் அந்தப் பழைய பதிப்பைத் தனியாக நீக்க வேண்டும். அப்போதும் பொதுவான பார்வையிலிருந்துதான் அது மறைகிறது, நிர்வாகிகளால் மீட்கவும் முடியும். மங்கலாக்குவது பதிவேற்றுவதற்கு முன்னால் செய்யும் வேலை.

கைபேசியில் எடுத்த படத்துக்குள் எக்ஸிஃப் தகவலாக எடுத்த நேரம், கருவி, இருப்பிடம் இயக்கத்தில் இருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை வரை ஒளிந்திருக்கும். பல செயலிகள் படத்தை அனுப்பும்போது இதைத் துடைத்துவிடுகின்றன. அந்தப் பழக்கத்தில் விக்கியும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். மீடியாவிக்கி துடைப்பதில்லை. கோப்புப் பக்கத்தின் அடியில் அதை அழகாக அட்டவணை போட்டே காட்டும். மலைச்சிகரத்தின் படத்துக்கு அது பயனுள்ள தகவல். ஒருவர் வீட்டு மேசையில் வைத்துப் படமெடுத்த பழைய நாணயத்துக்கு அது அவர் வீட்டு முகவரி. எக்ஸிஃப்டூல் போன்ற இலவசக் கருவிகளால் நொடியில் நீக்கலாம். இதைப் பதிவேற்றும் படிவத்துக்கு மேலேயே ஒரு வரியாக எழுதிவைப்பது நல்லது, உதவிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

உரிமை முழுதாக இருந்தும் தயங்க வேண்டிய படங்களுக்கு நல்ல உதாரணம் ரோர்ஷாக் சோதனை, மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் உளவியல் சோதனை. ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட 10 மைக்கறை அட்டைகளின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. 2009-இல் அவை பத்தும் ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்ததை எதிர்த்து உளவியலாளர்கள் பலர் வாதிட்டார்கள். முன்கூட்டியே பார்த்துவிட்டு வருகிறவரிடம் சோதனை செல்லாது என்பது அவர்கள் பக்கம். பொதுவெளியில் உள்ள தகவலை மறைப்பது கலைக்களஞ்சியத்தின் வேலை அல்ல என்பது தொகுப்பாளர்கள் பக்கம். படங்கள் அங்கேயே தங்கின. ஒரு கலைக்களஞ்சியத்துக்கு அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அதையே முன்னுதாரணமாகக் காட்டி, முப்பது பேர் நடத்தும் ஒரு குழு விக்கியும் எதையும் காட்டலாம் என்று வாதிடுவது பொருந்தாது. உலகத்துக்கே பொதுவான நூலாக இருப்பதும், தங்களுக்குள் தெரிந்தவர்கள் சேர்ந்து எழுதுவதும் வேறு வேறு.

பக்கத்தில் எப்படித் தெரியும்

இங்கே வழிகள்: முழு அளவில் வைப்பது, சிறுபடமாக வைப்பது, காட்சிக்கூடமாக அடுக்குவது, மறைத்துவைத்துச் சொடுக்கினால் விரிவது. சந்தேகம் இருந்தால் சிறுபடம். இதில் நீண்ட விவாதம் தேவையில்லை, கணக்கு ஒன்றே போதும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் 4000க்கு 3000 புள்ளிகள். பக்கத்தின் ஓரத்தில் 250 புள்ளி அகலத்தில் அதைக் காட்டினால் தேவைப்படும் புள்ளிகளைப் போல 256 மடங்கை வாசகரின் டேட்டாவில் இறக்குகிறோம். மீடியாவிக்கி சரியாக அமைக்கப்பட்டிருந்தால் சிறுபடத்தைத் தானே தயாரித்து அதை மட்டும் அனுப்பும். அந்த வசதி இல்லாத மென்பொருளில் உலாவிதான் பெரிய படத்தை முழுதாக வாங்கிச் சுருக்கிக் காட்டுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் வேகமான இணைப்பில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒப்பிட ஒரு அளவு: தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். நீளமான ஒரு கட்டுரையே 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சுருக்காத ஒரே ஒரு படம் அப்படிப்பட்ட கட்டுரைகள் நாற்பதின் எடை.

சிறுபடத்துக்கு அகலத்தை 400, 500 என்று புள்ளிக்கணக்கில் கட்டிவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தங்கள் திரையில் அழகாகத் தெரிவதற்காகச் செய்வது. மீடியாவிக்கியில் ஒவ்வொரு பயனரும் தனக்கு வேண்டிய சிறுபட அளவை விருப்பத்தேர்வுகளில் வைத்துக்கொள்ளலாம். புள்ளிக்கணக்கில் கட்டிவைத்த படம் அதை மதிப்பதில்லை. கண்பார்வை குறைந்து பெரிய சிறுபடம் வேண்டுமென்று அமைத்தவருக்கும், சின்னக் கைபேசியில் படிக்கிறவருக்கும் ஒரே அளவைத் திணிக்கிறோம். அப்ரைட் என்ற அளவுருவில் விகிதமாகக் கொடுத்தால் அவரவர் விருப்பத்துக்கு ஏற்றபடி அது பெருகும், சுருங்கும்.

இன்னொரு அளவுரு, லிங்க். படத்தைச் சொடுக்கினால் கோப்புப் பக்கத்துக்குப் போகாமல் வேறொரு பக்கத்துக்குப் போகும்படி, அல்லது எங்குமே போகாதபடி செய்வது. முதற்பக்கத்தை அழகுபடுத்துகிறவர்கள் இதை மிகவும் விரும்புவார்கள். படத்தை எடுத்தவரின் பெயரும் உரிமமும் இருப்பது கோப்புப் பக்கத்தில்தான், அங்கே போகும் வழியை அடைத்துவிட்டால் பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை மீறப்படுகிறது. பதிப்புரிமை இல்லாத, பொதுக்களத்தில் உள்ள படங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம், மற்றவற்றுக்குப் பெயரைப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

மறைத்துவைத்து விரிப்பது பற்றி. அறுவைசிகிச்சை, காயம், பூச்சி, பாம்பு போன்ற படங்கள் வரும்போது உடனே வரும் யோசனை இதுதான். விக்கிமீடியா அறக்கட்டளையின் வாரியம் 2011 மே மாதத்தில் வாசகருக்கு எதிர்பாராத அதிர்ச்சி நேரக் கூடாது என்ற கொள்கையை ஏற்றது. கூடவே, அவரவர் வேண்டாத படங்களை மறைத்துக்கொள்ளும் வடிகட்டி ஒன்றையும் செய்யச் சொன்னது. வடிகட்டிக்குக் கடும் எதிர்ப்பு வந்தது, 2012-இல் கைவிட்டார்கள். எந்தப் படம் எந்த வகையில் சேரும் என்று முத்திரை குத்தும் வேலையை யார் செய்வது என்பதிலேயே அது சிக்கிக்கொண்டது. சிறிய விக்கியிலும் இந்தச் சிக்கல் அப்படியே வரும், ஆட்கள் குறைவு என்பதால் சண்டை இன்னும் தனிப்பட்டதாக இருக்கும்.

விரியும் பெட்டியில் நடைமுறைக் குறைகளும் இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் இயங்காத இடத்தில் அது திறந்தே கிடக்கும், யாரிடமிருந்து மறைத்தோமோ அவர் கண்ணில் முதலில் படும். அச்சிடும்போது என்ன ஆகும் என்பதும் நிச்சயமில்லை. நான் பரிந்துரைப்பது இரண்டு பக்கங்களாகப் பிரிப்பது: விளக்கம் ஒரு பக்கம், கடினமான படங்கள் இன்னொரு பக்கம், நடுவில் என்ன இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு இணைப்பு. எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை, எந்த விக்கியிலும் வேலை செய்யும்.

அசையும் ஜிஃப் படங்களை ஒரு வரியில் முடித்துவிடலாம்: 5 நொடிக்கு மேல் தானாக ஓடுகிற எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும், நொடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடுவது கூடவே கூடாது என்கிறது இணைய அணுகல்தன்மை நெறிமுறை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

எதைப் படமாக்காமல் விடுவது

ஆரம்பத்தில் சொன்ன பூட்டிய அறை மிகக் கெட்டியாக இருப்பது எழுத்தைப் படமாக்கும் இடத்தில்தான். அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட், அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், நிரல்வரிகளின் ஸ்கிரீன்ஷாட். தேடினால் கிடைக்காது, நகலெடுக்க முடியாது, ஒரு எண் மாறினால் திருத்த முடியாது, திரைபடிப்பான் பயன்படுத்துகிறவருக்கு அது வெற்றிடம். விக்கி அட்டவணைக் குறியீடு அருவருப்பாக இருக்கிறது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை, இருந்தாலும் அதைத் தட்டச்சு செய்வதற்கு மாற்று கிடையாது. மென்பொருளின் திரையைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஸ்கிரீன்ஷாட் போடலாம், பதிப்பு எண்ணை விளக்கத்தில் எழுத வேண்டும். பொத்தானின் பெயரைக் கட்டுரையிலும் எழுத வேண்டும். அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறும்போது எழுத்தையாவது ஒருவர் திருத்துவார்.

விளக்கப்படங்களுக்குப் புள்ளிகளால் ஆன பிஎன்ஜி கோப்பா, கோடுகளாக வரையும் எஸ்விஜி கோப்பா என்ற கேள்வி வரும். எஸ்விஜி உள்ளே வெறும் எழுத்துக் கோப்பு. உரைத் தொகுப்பியில் திறந்து ஒரு சொல்லை மாற்றிச் சேமிக்கலாம். ஒரே கோப்புக்குள் பல மொழிகளின் பெயர்களை வைத்து, மொழிக்கு ஏற்றபடி காட்டவும் முடியும். என் சோதனையில் இது எளிதாகத் தேறுகிறது. ஆனால் நடைமுறையில் இரண்டு தொல்லைகள். எஸ்விஜிக்குள் நிரலை ஒளித்துவைக்க முடியும் என்பதால் மீடியாவிக்கி அதை இயல்பாக ஏற்பதில்லை, இயக்கிய பிறகும் வழங்கியில் பிஎன்ஜியாக மாற்றித்தான் காட்டுகிறது. அப்படி மாற்றும் வழங்கியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் நம் கணினியில் அழகாகத் தெரிந்த பெயர்கள் பக்கத்தில் கட்டம் கட்டமாக நிற்கும். இதைச் சமாளிக்கச் சிலர் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிப் பதிவேற்றுகிறார்கள். படம் சரியாகத் தெரியும், ஆனால் திருத்தும் வசதி போய்விட்டது. பிறகு எஸ்விஜியாக இருந்து என்ன பயன்? பெயர்களுக்குப் பதில் 1, 2, 3 என்று எண்களை மட்டும் படத்தில் வைத்து, எந்த எண் எது என்பதைக் கீழே விக்கி உரையில் எழுதுவது இரண்டு தொல்லையிலிருந்தும் தப்பிக்கும் வழி. பார்க்கக் கொஞ்சம் பழைய பாணிதான். மொழிபெயர்க்கவும் திருத்தவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வரைபடத்தைப் பக்கத்திலேயே நிரலாக எழுதிக் காட்டும் நீட்சிகள் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் பகுதிகள்) இதைவிடத் திருத்த எளிதானவை. அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. விக்கிமீடியா தளங்களில் இருந்த கிராஃப் நீட்சி பாதுகாப்புக் குறையால் 2023 ஏப்ரலில் அணைக்கப்பட்டது. அதை நம்பிய வரைபடங்கள் ஒரே நாளில் பக்கங்களிலிருந்து மறைந்தன. ஊமையான பிஎன்ஜி கோப்புகளுக்கு எதுவும் ஆகவில்லை. திருத்த முடிவதும் நீடித்து நிற்பதும் எப்போதும் ஒரே பக்கம் இருப்பதில்லை. தரவை அட்டவணையாகப் பக்கத்தில் வைத்து, வரைபடத்தை அதற்குத் துணையாக மட்டும் வைத்தவர்கள் அன்றைக்குத் தப்பித்தார்கள்.

மாற்று உரைக்கு வருகிறேன். படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதப்படும் அந்த ஒரு வரியைப் பலர் காலியாக விடுகிறார்கள், அல்லது "சைக்கிள் படம்" என்று நிரப்புகிறார்கள். சைக்கிளின் பின்பக்க கியர் மாற்றியில் ஹெச், எல் என்று குறித்த இரண்டு சிறிய திருகுகள் இருக்கும். ஹெச், சங்கிலி சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் தடுப்பது. எல், பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள் போகாமல் தடுப்பது. இதைப் பற்றிய பக்கத்தில் படத்துக்கு மாற்று உரை "கியர் மாற்றியின் பின்புறத்தில் மேலும் கீழுமாக இரண்டு திருகுகள், மேலே உள்ளதில் ஹெச், கீழே உள்ளதில் எல்" என்று இருந்தால் படம் இறங்காதவரும் வேலையை முடித்துவிடலாம். எழுதிப் பார்க்கும்போதே இன்னொன்றும் உறைக்கும்: எல்லா மாடலிலும் ஹெச் மேலே இருப்பதில்லை. அப்படியென்றால் படத்தின் கீழே விளக்கத்திலேயே அதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் படமே ஆளைத் தவறாக நடத்தும். மாற்று உரை எழுத உட்காரும்போது படத்தின் குறை தெரியவருவது அடிக்கடி நடக்கிறது. எழுத எதுவுமே தோன்றவில்லை என்றால், அந்தப் படம் அலங்காரமாகத்தான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு தயாரித்த படங்களை இதே வரிசையில் வைத்தால், சைக்கிள் பக்கத்தில் அவை வேண்டாம் என்பேன். எந்த மாடலிலும் இல்லாத ஒரு கியர் மாற்றியை அது மிகத் தத்ரூபமாக வரைந்து தரும். தப்பா சரியா என்று சரிபார்க்க அசல் பொருள் ஒன்று கிடையாது.

ஆட்சேபம் வந்தால்

இதுவரை சொன்ன எல்லா முடிவும் எடுத்த பிறகும் ஒரு நாள் ஒருவர் வந்து "இந்தப் படத்தில் இருப்பது நான், எடுத்துவிடுங்கள்" என்பார். இதற்கு இரண்டு நடைமுறைகள் உண்டு. முதலில் விவாதித்து, ஒருமித்த கருத்து வந்தபின் நீக்குவது ஒன்று. முதலில் நீக்கிவிட்டு, பிறகு விவாதித்து, தேவையென்றால் திரும்ப வைப்பது மற்றொன்று. எழுத்தைப் பொறுத்தவரை விக்கிகள் முதல் வழியையே விரும்பும், அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. மனிதர்கள் உள்ள படத்துக்கு இரண்டாவதே சரி. நீக்கிய கோப்பை நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம், அதனால் விக்கிக்கு நஷ்டமில்லை. விவாதம் நடக்கும் ஒரு வாரமும் அந்தப் படம் பக்கத்தில் இருந்தால், அதற்குள் எத்தனை பேர் சேமித்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. விவாதமே அந்தப் படத்துக்குக் கூட்டத்தை அழைத்து வரும்.

கேட்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று நிரூபிக்கச் சொல்லி அடையாள அட்டையை வாங்குவது இன்னொரு வகைத் தொல்லை. நீக்குவதற்கு அவ்வளவு நிரூபணம் தேவையில்லை, திரும்ப வைப்பதற்குத்தான் தேவை. ஆட்சேபத்தை உரையாடல் பக்கத்தில் எல்லோர் முன்னாலும் எழுதச் சொல்லாமல், நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கோப்புப் பக்கங்களிலேயே வைத்துவிடலாம். முகவரியை ஒரே ஒரு வார்ப்புருவில் எழுதி அதை எல்லாக் கோப்புப் பக்கங்களிலும் சேர்த்துவிட்டால், பொறுப்பில் இருப்பவர் மாறும்போது ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.